ஒரே வேலைக்கு ஒரே அளவு: வடிவமைப்பில் சீரான அளவுகளைக் கையாள ஒரு முழுமையான வழிகாட்டி

மேற்கு மாம்பலத்தில் ஒரு சிற்றுண்டிக் கடை. கல்லாவுக்கு மேலே விலைப்பட்டியல் போர்டு தொங்குகிறது. அதில் ‘வடை’ என்ற சொல் முழங்கை நீளத்துக்குப் பருத்து நிற்கிறது. அதற்குக் கீழே ‘வெங்காய ரவா மசாலா தோசை’ எறும்பு வரிசைபோல ஊர்கிறது. காரணம் எளியது. போர்டு செய்தவர் ஒவ்வொரு பெயரையும் வரியின் முழு அகலத்துக்கு இழுத்து நிரப்பியிருக்கிறார். சிறிய பெயர் பெரிதாகிவிட்டது. நீண்ட பெயர் சுருங்கிவிட்டது. புதிதாக வருபவர்கள் “இங்கே வடைதான் பெயர்போனதா?” என்று கேட்கிறார்கள். அந்தக் கடைக்கு வாடிக்கையாளர்களைச் சேர்த்துத் தந்ததோ ரவா தோசை.

அந்தப் போர்டைப் புதிதாக அமைக்கும் வேலை என்னிடம் வந்தது. இந்த வழிகாட்டி முழுவதும் அதையே எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்கிறேன். போர்டுக்குச் சொல்வது அழைப்பிதழுக்கும் துண்டறிக்கைக்கும் கைப்பேசித் திரைக்கும் பொருந்தும்.

மனிதக் கண் அளவைப் பொருளாகப் படிக்கிறது. ஒத்த அளவில் இருப்பவற்றை ஒரே கூட்டமாகச் சேர்த்துப் பார்க்கிறது. உளவியலாளர் மாக்ஸ் வெர்தைமர் 1923இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில் விளக்கிய ஒப்புமை விதி இதுதான். ஆகவே இரண்டு பொருள்களுக்கு வேறு வேறு அளவு கொடுத்தால், அவற்றுக்கிடையே ஒரு வேறுபாடு இருப்பதாகப் படிப்பவரிடம் சொல்லிவிடுகிறோம். அப்படிச் சொல்ல நினைத்தோமா என்பதே வடிவமைப்பாளர் ஒவ்வொரு முறையும் தன்னைக் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி. மாம்பலத்துப் போர்டில் அதை யாரும் கேட்கவில்லை.

முதல் படி: இருப்பதை எண்ணுங்கள்

உடனே கணினியில் வடிவமைக்கத் தொடங்கிவிடாதீர்கள். பழைய வடிவமைப்பை ஒரு தாளில் அச்சிட்டுக்கொண்டு, அதில் எத்தனை எழுத்தளவு, எத்தனை இடைவெளி, எத்தனை பெட்டியளவு இருக்கின்றன என்று பென்சிலால் குறியுங்கள். மாம்பலத்துப் போர்டில் 22 உணவுப் பெயர்கள் இருந்தன. எழுத்தளவுகளும் கிட்டத்தட்ட அத்தனை இருந்தன. விலை எண்கள் மட்டும் நான்கு அளவுகளில் இருந்தன.

ஈய எழுத்துகளைக் கோத்து அச்சிட்ட காலத்தில் இந்தச் சிக்கல் எழ வழியே இல்லை. அச்சகத்தில் 10 பாயிண்ட், 12 பாயிண்ட், 18 பாயிண்ட், 24 பாயிண்ட் என்று வாங்கிவைத்த எழுத்துகள் மட்டுமே இருக்கும். 13.7 பாயிண்டில் ஓர் எழுத்து வேண்டும் என்று அச்சுக்கோப்பவரிடம் கேட்க முடியாது. அந்தக் கட்டுப்பாடே அன்றைய துண்டறிக்கைகளுக்கு ஓர் ஒழுங்கைத் தந்தது. கணினி அந்த வேலியை எடுத்துவிட்டது. இன்று அதை நாமேதான் போட்டுக்கொள்ள வேண்டும்.

இரண்டாம் படி: வேலையால் வகை பிரியுங்கள்

எண்ணி முடித்தவுடன் ஒவ்வொரு பொருளும் செய்யும் வேலையைப் பக்கத்தில் எழுதுங்கள். போர்டில் மொத்தமே நான்கு வேலைகள்தாம்: கடைப் பெயர், வகைத் தலைப்பு (இட்லி வகை, தோசை வகை போன்றவை), உணவுப் பெயர், விலை. நான்கு வேலைக்கு அதிகபட்சம் நான்கு அளவு. விலையும் உணவுப் பெயரும் ஒரே மூச்சில் படிக்கப்படுபவை என்பதால் அவற்றுக்கு ஒரே அளவு போதும். ஆக மூன்று அளவில் முழுப் போர்டும் முடிந்துவிடும்.

இங்கே வேலை கொடுத்தவரோடு உட்கார்ந்து பேசிவிடுவது நல்லது. “பொங்கல் நன்றாகப் போகிறது, அதைக் கொஞ்சம் பெரிதாகப் போடலாமே” என்பார். அந்தக் கோரிக்கையை உடனே மறுக்காதீர்கள். ‘இன்றைய சிறப்பு’ என்று ஐந்தாவது வேலை ஒன்று இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால் அதற்குத் தனி இடம் ஒதுக்கலாம். இல்லையென்றால் பொங்கலும் மற்ற உணவுகளின் அளவிலேயே நிற்கட்டும்.

மூன்றாம் படி: அடிப்படை அலகைக் கண்டுபிடியுங்கள்

ஓரம், வரி, இடைவெளி எல்லாம் எதன் மடங்காக வருகின்றனவோ அந்த அளவே அலகு. இந்தப் படியில்தான் நான் அதிக நேரம் செலவிடுகிறேன். நீங்களும் அவசரப்படாதீர்கள்.

மார்கழிக் காலையில் மயிலாப்பூர் மாடவீதிகளில் நடந்துபோய்க் கோலமிடும் கைகளைக் கவனியுங்கள். கோடு கடைசியில்தான் வருகிறது. முதலில் புள்ளி. நேர்ப்புள்ளியோ ஊடுபுள்ளியோ, புள்ளிக்கும் புள்ளிக்கும் இடையே உள்ள தூரம் வாசல் முழுவதும் ஒன்றுதான். யாரும் அளவுகோல் வைத்துக்கொள்வதில்லை. பழகிய கையே அளவுகோல். ஓர் இடத்தில் இடைவெளி அகன்றுவிட்டால், அந்தப் புள்ளியைச் சுற்றிவரும் சிக்குக் கம்பி மட்டும் வீங்கித் தெரியும். எனவே அனுபவம் உள்ளவர்கள் புள்ளி வைத்து முடித்ததும் ஓர் அடி பின்வாங்கிப் பார்த்துவிட்டுத்தான் கம்பியை இழுக்கிறார்கள். நம் வேலையிலும் வரிசை அதுவேதான்: முதலில் இடைவெளி, பிறகு உருவம்.

அலகைத் தேர்ந்தெடுக்க எனக்கு வழிகாட்டுவது செங்கல். இந்தியத் தர நிர்ணயத்தின்படி ஒரு மாடுலர் செங்கலின் அளவு 190 × 90 × 90 மில்லிமீட்டர். ஏன் 200 × 100 என்று முழு எண்ணாக வைக்கவில்லை? செங்கலுக்கும் செங்கலுக்கும் நடுவே 10 மில்லிமீட்டர் சாந்து வருவதால். சாந்தையும் சேர்த்தால் 200 × 100 × 100 ஆகிறது. இன்னொன்றும் கவனியுங்கள். இரண்டு செங்கலின் அகலத்தையும் நடுவிலுள்ள சாந்தையும் கூட்டினால் 90 + 10 + 90 = 190. அது சரியாக ஒரு செங்கலின் நீளம். அதனால்தான் கொத்தனார் ஒரு கல்லை நெடுக்காகவும் அடுத்ததைக் குறுக்காகவும் வைத்துக்கொண்டே போனாலும் சுவர் பிசகுவதில்லை.

இதிலிருந்து இரண்டு விதிகளை எடுத்துக்கொள்ளுங்கள். இடைவெளியும் அளவின் ஒரு பகுதி. பெட்டியை முடிவுசெய்துவிட்டு மிச்சத்தை இடைவெளியாக விடக்கூடாது. அடுத்தது, பெரிய உருவம் என்பது இரண்டு சிறிய உருவமும் நடுவிலுள்ள இடைவெளியும் சேர்ந்ததாக இருக்க வேண்டும். இந்த இரண்டையும் பிடித்துக்கொண்டால், பெரிய படமும் சிறிய படங்களும் கலந்து வரும் பக்கத்தில்கூட ஓரங்கள் தாமாகவே நேராக நிற்கும்.

மாம்பலத்துப் போர்டுக்கு வருவோம். அகலம் 6 அடி, உயரம் 4 அடி. அதாவது 72 × 48 அங்குலம். அலகு ஓர் அங்குலம். மேலும் கீழும் 3 அங்குல ஓரம், கடைப் பெயருக்கு 6 அங்குலம், அதன் கீழே 4 அங்குல வெற்றிடம். மீதி 32 அங்குலம். வரிக்கு 2 அங்குலம் என்றால் 16 வரிகள். இரண்டு பத்தியாகப் பிரித்தால் 32 வரிகள். உணவுகள் 22. வகைத் தலைப்புகள் நான்கு; ஒவ்வொன்றுக்கும் இரண்டு வரி உயரம் கொடுத்தேன், ஆக 8. மிச்சம் இரண்டு வரிகள். அவற்றை வெறுமையாக விட்டுவைத்தேன். அகலத்தில் இருபுறமும் 3 அங்குல ஓரம், பத்திகளுக்கு நடுவே 4 அங்குலம். ஒரு பத்திக்கு 31 அங்குலம் கிடைத்தது. இந்தக் கணக்கு முழுவதும் ஒரு காகிதத்தில், அரை மணி நேரத்தில் முடிந்தது.

ஒரு குறிப்பு. பலகையின் அளவை நீங்களே முடிவுசெய்யலாம் என்றால், பொருள் கடையில் என்ன அளவில் வருகிறது என்று முதலில் கேளுங்கள். பிளைவுட்டும் ஏசிபி தகடும் (அலுமினியப் பூச்சுள்ள பலகை) பெரும்பாலும் 8 × 4 அடியில் கிடைக்கின்றன. அதை 4 × 2 அடியாக நான்காகவோ, 2 × 2 அடியாக எட்டாகவோ வெட்டினால் துண்டு வீணாகாது. திருமண அழைப்பிதழாக இருந்தால் பாரிமுனை ஆண்டர்சன் தெருவில் வெற்று அட்டையை வாங்கி, அதை அளந்த பிறகே வடிவமைப்பைத் தொடங்குங்கள். அட்டைகள் கடைக்குக் கடை தனித்தனி அளவில் வரும். ஏ4 தாளில் இந்தக் கவலை இல்லை. 210 × 297 மில்லிமீட்டர் தாளைப் பாதியாக மடித்தால் 148 × 210 என்ற ஏ5 கிடைக்கும். நீள அகல விகிதம் மாறாது. ஏ4இல் செய்ததை 141 விழுக்காடாகப் பெருக்கினால் ஏ3இல் அப்படியே உட்காரும்.

நான்காம் படி: எழுத்தின் அளவு

தமிழில் வேலை செய்பவர்களுக்கு இதுவே கடினமான இடம். அயல்மொழிக் கையேடுகளை அப்படியே பின்பற்றுபவர்கள் இங்கேதான் தடுக்கி விழுகிறார்கள்.

ர, ட, ப ஒடுங்கிய எழுத்துகள். ஞ, ண, ணை, கௌ பரந்து உட்காருபவை. கி, கீ மேலே எழும். கு, ழூ கீழே இறங்கும். மெய்யெழுத்தின் தலையில் புள்ளி நிற்கும். ஆகவே தமிழில் எல்லா எழுத்தையும் ஒரே அகலத்தில் அடைக்க முயல்வது மொழியின் உடலை நெரிப்பதாகும். உயரத்தைச் சீராக்குங்கள், வரி இடைவெளியைச் சீராக்குங்கள், அகலத்தை எழுத்தின் போக்குக்கு விட்டுவிடுங்கள். அகலத்தை மட்டும் இழுப்பதும் குறுக்குவதும் எந்தச் சூழலிலும் வேண்டாம். இழுத்தால் நிமிர்ந்த கோடுகள் மட்டும் தடிக்கும், குறுக்கினால் அவை மட்டும் மெலியும்; படுத்த கோடுகள் அப்படியே இருக்கும். ஒரே எழுத்துரு இரண்டு எழுத்துருவாகத் தெரியும்.

உயரத்தை எதைக் கொண்டு அளப்பது? நான் ‘ப’ என்ற எழுத்தை அளவுகோலாக வைத்திருக்கிறேன். அடி தட்டையாக இருக்கும், பக்கக் கோடுகள் இரண்டும் நேராக நிற்கும், கொம்பும் சுழியும் இல்லை. மென்பொருள் காட்டும் பாயிண்ட் எண்ணை நம்பாதீர்கள். இரண்டு வேறு தமிழ் எழுத்துருக்களை 24 பாயிண்டில் வைத்து ‘ப’வை அளந்து பாருங்கள், உயரம் வேறாக இருக்கும். ஆங்கிலத்தோடு சேரும்போது வேறுபாடு இன்னும் கூடும். இரண்டு மொழியையும் ஒரே அளவாகக் காட்ட வேண்டுமென்றால் பாயிண்ட் எண்களைச் சமமாக்கிப் பயனில்லை. ஆங்கிலம் முழுவதும் பெரிய எழுத்தில் இருந்தால் அந்த உயரத்துக்கு ‘ப’வைச் சமமாக்குகிறேன். சிறிய எழுத்தில் இருந்தால் அதன் உடலைவிட ‘ப’ சற்றே உயரமாக இருக்கும்படி வைக்கிறேன்.

எவ்வளவு பெரிய எழுத்து? பத்து அடித் தூரத்துக்கு ஓர் அங்குல உயரம் என்பது போர்டு தொழிலில் பரவலாகப் பின்பற்றப்படும் கணக்கு. மாம்பலத்துக் கடையில் வாடிக்கையாளர் நிற்கும் இடம் போர்டிலிருந்து ஏழு அடி. ‘ப’வின் உயரத்தை முக்கால் அங்குலமாக வைத்தேன். 2 அங்குல வரியில் மேற்கொம்புக்கும் கீழ்ச்சுழிக்கும் தாராளமாக இடம் கிடைத்தது. வகைத் தலைப்புக்கு ஒன்றேகால் அங்குலம், கடைப் பெயருக்கு இரண்டு அங்குலம்.

இந்த மூன்று அளவுகளுக்கிடையே உள்ள தாண்டலைக் கவனியுங்கள். ஒவ்வொன்றும் முந்தையதைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்குக்குச் சற்று மேலே. அளவில் வேறுபாடு காட்டுவதென்றால் இந்த அளவுக்காவது காட்டுங்கள். 20 பாயிண்டுக்குப் பக்கத்தில் 22 பாயிண்ட் வைத்தால் அது தலைப்பாகத் தெரியாது, பிழையாகத் தெரியும்.

தமிழ்நாட்டுக் கடைகளின் பெயர்ப் பலகைக்கு அரசு வகுத்திருக்கும் விகிதமே இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. தமிழ் முதலில், அடுத்து ஆங்கிலம், பிறகு வேறு மொழி, விகிதம் 5:3:2. ஐந்துக்கும் மூன்றுக்கும், மூன்றுக்கும் இரண்டுக்கும் இடையே ஒன்றரை மடங்கோ அதற்கு மேலோ தாண்டல் இருப்பதால், எது முதன்மை என்பதில் பார்ப்பவருக்குக் குழப்பமே வராது. தி.நகரில் நான் செய்த பெயர்ப் பலகைகளுக்கு இதை முழு அகலப் பட்டைகளாகப் பிரித்துக்கொண்டேன். 48 அங்குல உயரத்தில் மேலும் கீழும் 4 அங்குலம் ஓரம் போக 40. அதை 20, 12, 8 என்று பிரிக்கலாம். பட்டைகளின் அகலம் ஒன்றே என்பதால் பரப்பிலும் அதே விகிதம் வந்துவிடுகிறது. ஒவ்வொரு பட்டையிலும் எழுத்துக்கு முக்கால் பங்கு என்றால் 15, 9, 6. எந்தக் கணினியும் இல்லாமல் சுவரில் சுண்ணாம்புக் கயிறு அடித்தே இந்தக் கோடுகளைப் போட்டுவிடலாம்.

ஐந்தாம் படி: நீளமான சொல்லிடம் முதலில் போங்கள்

எந்தப் பெட்டிக்கும் அளவு வைக்கும் முன் அதில் வரப்போகும் மிக நீண்ட சொல்லை எழுதிப் பாருங்கள். அது உட்கார்ந்தால் மற்றவை எல்லாம் உட்காரும். ‘வெங்காய ரவா மசாலா தோசை’ முக்கால் அங்குல எழுத்தில், விலைக்கு 5 அங்குலம் ஒதுக்கிய பிறகும் பத்திக்குள் அடங்கியது. அதன் பிறகுதான் ‘வடை’யை எழுதினேன். அதன் வலப்பக்கம் நிறைய வெற்றிடம் இருந்தது. இருக்கட்டும். வெற்றிடத்தைப் பார்த்து நிரப்பத் துடிக்கும் கையை அடக்குவதில்தான் பாதிக் கலை இருக்கிறது.

விலை எண்களுக்கு ஒவ்வோர் இலக்கமும் ஒரே அகலம் கொண்ட எழுத்துருவைத் தேர்ந்தெடுத்து வலது ஓரத்தில் நிறுத்துங்கள். 1 என்ற எண் ஒடுங்கியும் 8 என்ற எண் பரந்தும் இருக்கும் எழுத்துருவில் ரூபாய் வரிசை கோணலாகிவிடும்.

கைப்பேசித் திரையிலும் இதே விதிதான். ‘சேமி’, ‘நீக்கு’, ‘உறுதிப்படுத்து’ என்ற மூன்று பொத்தான்களுக்கு அகலம் வைப்பது ‘உறுதிப்படுத்து’. மூன்றும் ஒரே வரியில் அடங்காவிட்டால் எழுத்தைச் சுருக்காதீர்கள். ஒன்றன்கீழ் ஒன்றாக, திரையின் அகலத்துக்கு அடுக்குங்கள். பொத்தானின் உயரத்துக்கு ஆப்பிள் 44 பாயிண்ட் என்றும் ஆண்ட்ராய்டு 48 டிபி (அதன் திரை அளவு அலகு) என்றும் குறைந்தபட்ச அளவைப் பரிந்துரைக்கின்றன. மாற்றுத்திறனாளிகளும் இணையப் பக்கங்களைப் பயன்படுத்த உதவும் டபிள்யூசிஏஜி 2.2 அணுகல் விதிகள் (2023), சில விலக்குகளோடு, 24 பிக்சலைக் கீழ் எல்லையாக வைக்கின்றன. வயதானவர்கள் பயன்படுத்தும் செயலி என்றால் 48க்குக் கீழே இறங்காதீர்கள்.

ஆறாம் படி: அளவுகோலுக்கும் கண்ணுக்கும் உள்ள வேறுபாடு

ஒரே உயரமுள்ள ஒரு சதுரத்தையும் ஒரு வட்டத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வரையுங்கள். வட்டம் சிறிதாகத் தெரியும். அதன் மூலைகள் வெறுமையாக இருப்பதே காரணம். கூகுளின் மெட்டீரியல் வடிவமைப்பு நெறிகளில் 24 அலகுப் பெட்டிக்குள் சதுரக் குறிக்கு 18 அலகும் வட்டக் குறிக்கு 20 அலகும் ஒதுக்கியிருப்பது இதற்காகத்தான். அளவு வேறு, பார்வைக்கு ஒன்று. நாம் தேடுவது கண்ணுக்குத் தெரியும் சமத்தை.

நன்கொடையாளர்களின் முத்திரைகளை (லோகோ) வரிசையாக வைக்கும்போது இது பெரிய தலைவலி. எல்லாவற்றையும் ஒரே உயரத்தில் வைத்தால் நீளமான முத்திரை மற்றவற்றை விழுங்கிவிடும். ஒரே அகலத்தில் வைத்தால் சதுர முத்திரை மலைபோல எழும். பரப்பைச் சமமாக்குங்கள். சதுரம் 40 × 40 மில்லிமீட்டர் என்றால் பரப்பு 1600. நீளம் உயரத்தைப்போல நான்கு மடங்கு உள்ள முத்திரைக்கு அதே பரப்பு 80 × 20இல் கிடைக்கும். அதிலிருந்து தொடங்கி, தடித்த முத்திரையைச் சற்றே குறைத்து, மெலிந்ததைச் சற்றே கூட்டிக் கண்ணால் முடியுங்கள்.

ஆள் படங்கள் இன்னும் நுட்பமானவை. சென்னையில் படத்தின் அளவை மரியாதையின் அளவாகவே படிக்கிறார்கள். குடியிருப்போர் சங்க விழா அழைப்பிதழில் ஆறு விருந்தினர்களின் படங்களையும் ஒரே சட்டத்தில் வைத்த பிறகும் ஒருவர் வருத்தப்பட்டார். அவர் அனுப்பியது முழு உருவப் படம்; மற்றவர்களுடையது பாஸ்போர்ட் படம். சட்டம் ஒன்றாக இருந்தும் அவருடைய முகம் மட்டும் நெல்லிக்காய் அளவில் இருந்தது. அவர் வருத்தப்பட்டது நியாயம்தான். அன்றிலிருந்து சட்டத்தை அளப்பதோடு முகத்தையும் அளக்கிறேன்: மோவாயிலிருந்து உச்சிவரை சட்டத்தின் பாதி உயரம், எல்லோருடைய கண்களும் ஒரே கோட்டில்.

எப்போது மீறலாம்

மற்றவை எல்லாம் சீராக நின்றால் மட்டுமே. பதினைந்து பேர் அமைதியாக உட்கார்ந்திருக்கும் இடத்தில் ஒருவர் எழுந்து நின்றால் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். ஐந்து பேர் எழுந்தால் யாரையும் பார்க்க மாட்டார்கள். ஒரு பக்கத்துக்கு ஒரு மீறல். மாம்பலத்துப் போர்டில் ரவா தோசைக்கு அந்த உரிமையைக் கொடுக்கலாமா என்று கடைக்காரரும் நானும் வெகுநேரம் பேசினோம். எழுத்தளவை மாற்றாமல் பெயருக்கு முன்னால் ஒரு சிவப்புப் புள்ளி போதும் என்று முடிவானது. மற்ற எல்லா வரிகளும் ஒன்றுபோல இருந்ததால் அந்தச் சிறு புள்ளியே கண்ணை இழுத்தது.

ஏழாம் படி: சோதித்துவிட்டு ஒப்படையுங்கள்

கண்ணைப் பாதி மூடிக்கொண்டு பாருங்கள். எது முதலில் திரள்கிறதோ அதுவே பார்ப்பவருக்கும் முதலில் தெரியும். தலைகீழாகத் திருப்பிப் பாருங்கள்; சொற்கள் மறைந்து இடைவெளிகள் மட்டும் தெரியும். ஒரு வரியை உண்மையான அளவில் அச்சிட்டுச் சுவரில் ஒட்டி, வாடிக்கையாளர் நிற்கும் இடத்தில் நின்று படியுங்கள்.

பிறகு அளவுகளை ஒரு பக்கத்தில் எழுதி, அச்சிடுபவரிடம் கோப்போடு சேர்த்துக் கொடுங்கள்: அலகு ஓர் அங்குலம், வரி 2 அங்குலம், எழுத்து மூன்று அளவு, எழுத்துருவின் பெயர், ‘எந்த எழுத்தையும் இழுக்கக்கூடாது’ என்ற வேண்டுகோள். கடைசி நிமிடத்தில் பலகை இரண்டு அங்குலம் குறைந்துபோனால், எதைச் சுருக்கலாம், எதைத் தொடக்கூடாது என்பதையும் அதில் எழுதிவிடுங்கள். ஓரத்தைச் சுருக்கலாம், வரியின் உயரத்தைத் தொடக்கூடாது.

அந்தப் பக்கத்தின் ஒரு பிரதியைக் கடைக்காரரிடமும் கொடுத்திருந்தேன். சில வாரங்கள் கழித்துக் காபி குடிக்கப் போனபோது, வெறுமையாக விட்டிருந்த இரண்டு வரிகளில் ஒன்றில் ‘அடை அவியல்’ வந்திருந்தது. தெருமுனை ஸ்டிக்கர் கடையில் அந்தத் தாளைக் காட்டி அவரே வெட்டி வாங்கி ஒட்டியிருக்கிறார். முக்கால் அங்குலம், விலை வலது ஓரத்தில். எது பழைய வரி, எது புதிய வரி என்று எனக்கே தெரியவில்லை.